யுவைடிஸ்: கண்ணுக்குள் வரும் அழற்சியை அடையாளம் காண்பதும் அடக்கி வைப்பதும்

கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ என்று முடிவு கட்டி, வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது பலரின் வழக்கம். பெரும்பாலான நேரம் கண்ணும் சரியாகிவிடுகிறது, அதனால் வழக்கமும் நிலைத்துவிட்டது. ஆனால் யுவைடிஸ் அப்படி விட்டுப் பார்க்கிற நோய் இல்லை. கண்ணின் மேல்தோலில் வருவது மெட்ராஸ் ஐ. யுவைடிஸ் வருவது கண்ணுக்கு உள்ளே.

கண்ணின் நடு அடுக்குக்கு யூவியா என்று பெயர். கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் பாப்பாவைச் சுற்றி நிறமாகத் தெரிகிற ஐரிஸ், அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் சிலியரி தசைப் பகுதி, விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் அடர்ந்த கோராய்டு, மூன்றும் சேர்ந்ததுதான் அது. முன்பக்கம் அழற்சி வந்தால் முன்புற யுவைடிஸ், நடுவில் வந்தால் இடைநிலை, பின்னால் வந்தால் பின்புறம். எல்லா இடத்திலும் இருந்தால் முழு யுவைடிஸ். அறிகுறி, மருந்து, ஆபத்து எல்லாமே இந்த இடத்தைப் பொறுத்து மாறும். அதனால் டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘எனக்கு எந்தப் பகுதியில்?’ என்பதைத்தான்.

மருந்தை நிறுத்தி 3 மாதத்துக்குள் திரும்பி வந்தால் அதை நாள்பட்ட யுவைடிஸ் என்பார்கள். மருந்தே இல்லாமல் 3 மாதமோ அதற்கு மேலோ அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு வந்தால், அது விட்டு விட்டு வருகிற வகை. முதல் வகைக்குத் தொடர் மருந்து வேண்டும். இரண்டாவதற்கு, வந்தவுடன் பிடிக்கிற ஏற்பாடு போதும்.

எதை வைத்துச் சந்தேகப்படுவது

திடீரென வரும் முன்புற யுவைடிஸில் பெரும்பாலும் ஒரு கண்தான் சிவக்கும். சிவப்பு எங்கே அடர்த்தி என்று கண்ணாடியில் பாருங்கள். மெட்ராஸ் ஐயில் இமையின் உள்பக்கமும் வெள்ளை விழியின் ஓரங்களும் அதிகமாகச் சிவந்து, கருவிழியை நெருங்க நெருங்கக் குறையும். யுவைடிஸில் அது தலைகீழ்: கருவிழியைச் சுற்றி வளையம் போட்டதுபோல் ஊதா கலந்த சிவப்பு இருக்கும். பூளை தள்ளாது, காலையில் இமை ஒட்டிக்கொள்ளாது, தண்ணீர் மட்டும் வடியும். வலி உறுத்தலாக இல்லாமல் கண்ணுக்குள்ளிருந்து கனமாக வரும், சில நேரம் புருவம் வரை ஏறும். வெளிச்சம் கூசும், பார்வை சற்று மங்கும். பாப்பா மற்றக் கண்ணைவிடச் சிறுத்திருக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. சிவந்த கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு, நல்ல கண்ணில் செல்போன் டார்ச்சை ஒரு கணம் காட்டுங்கள். மூடியிருக்கும் கண்ணில் வலி சுரீரென்றால் யுவைடிஸ் சந்தேகம் பலமாகிறது. ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு பாப்பாவும் சேர்ந்தே சுருங்கும். அழற்சியில் இருக்கிற ஐரிஸ் அசையும்போது வலிக்கிறது, அவ்வளவுதான். வலிக்கவில்லை என்பதற்காக யுவைடிஸ் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேறு இரண்டு நோய்கள் இதே வேஷத்தில் வரும், இரண்டும் அவசரம். பாப்பா பாதி விரிந்து அசையாமல் நிற்க, கடும் வலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அதுவும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குத் தெரிந்தால், கருவிழிப் புண்ணாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

இடைநிலையிலும் பின்புறத்திலும் வரும் யுவைடிஸில் கண் சிவக்காமலேயே இருக்கலாம். பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள், நூல் நூலாக மிதப்பது, பனி மூடியதுபோன்ற மங்கல், நேர்க்கோடு வளைந்து தெரிவது இவைதான் புகார்.

சத்தமே இல்லாமல் வரும் வகை

குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சி நோயோடு சேர்ந்த யுவைடிஸ் மோசமான ஏமாற்றுக்காரன். கண் வெள்ளையாகவே இருக்கும். வலி இல்லை, கூச்சம் இல்லை, குழந்தை ஒன்றும் சொல்லாது. பாப்பா வட்டம் கெட்டு ஒழுங்கில்லாமல் தெரிவதையோ, கருவிழியில் வெள்ளைப் பட்டை படர்வதையோ பெற்றோர் கவனிக்கிற நேரத்தில் சேதம் நடந்து முடிந்திருக்கும். அதனால் இங்கே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. 7 வயதுக்கு முன் மூட்டு நோய் தொடங்கி, சில மூட்டுகள் மட்டும் பாதிக்கப்பட்டு, ரத்தத்தில் ஏஎன்ஏ (உடம்பின் சொந்த அணுக்களுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவாக இருக்கிற குழந்தைக்கு, புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லாம்ப் பரிசோதனை வேண்டும். கண்ணில் அழற்சி வந்துவிட்டால் இன்னும் நெருக்கமாக. மூட்டு வீக்கம் வடிந்துவிட்டது என்று கண் பரிசோதனையைத் தள்ளிப் போடுவது அடிக்கடி நடக்கிற பிழை. மூட்டும் கண்ணும் ஒரே தாளத்தில் போவதில்லை.

ஸ்லிட் லாம்பில் டாக்டர் எதை எண்ணுகிறார்

தாடையை வைத்து நெற்றியை முட்டி உட்காருகிற அந்தக் கருவி, மெல்லிய ஒளிக்கீற்றை உங்கள் கண்ணுக்குள் சாய்வாகச் செலுத்துகிறது. ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல, அந்தக் கீற்றில் வெள்ளை அணுக்கள் மிதப்பது தெரியும். 1 மி.மீ. நீளமும் 1 மி.மீ. அகலமும் கொண்ட கீற்றில் எத்தனை அணு என்று எண்ணித் தரம் போடுகிறார்கள். ஒன்றுகூட இல்லையென்றால் 0. 1 முதல் 5 வரை 0.5+, 6 முதல் 15 வரை 1+, 16 முதல் 25 வரை 2+, 26 முதல் 50 வரை 3+, அதற்கு மேல் 4+. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. வலியும் சிவப்பும் முதல் சில நாளிலேயே போய்விடும், அணுக்கள் வாரக்கணக்கில் இருக்கும். ‘கண் வெளுத்துடுச்சு’ என்று சொட்டை நிறுத்துகிறவருக்கு நோய் திரும்பி வருவது இதனால்தான். சொல்லப்போனால் அது திரும்பி வருவதே இல்லை, போகாமல் உள்ளேயே இருந்தது.

ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணுக்கும் நான்கு விஷயங்களைக் குறித்து வாங்குங்கள்: பார்வை அளவு, அணுத் தரம், கண் அழுத்தம், விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா இல்லையா. வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் இந்த ஒரு பக்கம் பழைய மருந்துச் சீட்டுக் கட்டைவிட உபயோகம்.

காரணம் தேடும் டெஸ்டுகளில் அளவு வேண்டும். ஒரு கண்ணில் முதன்முறை லேசாக வந்து, உடம்பில் வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால் பெரிய பட்டியல் அநேகமாகத் தேவைப்படாது. திரும்பத் திரும்ப வந்தாலோ, இரண்டு கண்ணிலும் இருந்தாலோ, பின்பக்கம் பாதித்தாலோ சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான டெஸ்ட், எச்எல்ஏ-பி27 (முதுகெலும்பு மூட்டு அழற்சியோடு தொடர்புள்ள மரபணு அடையாளம்) ஆகியவை வரும். இந்த டெஸ்டுகளைவிட நீங்கள் சொல்கிற தகவல் பல நேரம் வேகமாக வழி காட்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுகி, நடந்தால் தளர்கிறதா? வாய்ப்புண், பிறப்புறுப்பில் புண் திரும்பத் திரும்ப வருகிறதா? காது மந்தமாகி, தோலிலோ இமை முடியிலோ வெள்ளை விழுந்ததா? சொரியாசிஸ், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, நாள்பட்ட இருமல் உண்டா? ‘கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று நினைக்காமல் சொல்லிவிடுங்கள். எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காமல் போவது சகஜம். அதற்காகச் சிகிச்சை நிற்பதில்லை.

சொட்டு மருந்து: இங்கேதான் பாதி வெற்றி தோற்கிறது

முன்புற யுவைடிஸுக்கு முதல் மருந்து பெரும்பாலும் பிரெட்னிசலோன் அசிடேட் 1% என்ற ஸ்டீராய்டு சொட்டு. தொடக்கத்தில் விழித்திருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு என்று எழுதுவார்கள். மிரள வேண்டாம், ஆரம்பத்தில் அடித்து அடக்குவதுதான் முறை. நாளைக்கு நான்கு தடவை என்று மெதுவாகத் தொடங்கினால் மொத்தத்தில் அதிக நாள் மருந்து விட வேண்டியிருக்கும்.

இந்த மருந்து கரைசல் அல்ல, திரவத்தில் மிதக்கும் பொடி. வைத்தால் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் முதல் சொட்டுகள் வெறும் தண்ணீர் மாதிரி, கடைசிச் சொட்டுகளில் மருந்து கெட்டியாக என்று ஆகும். ஒவ்வொரு முறையும் புட்டியை நன்றாக, குறைந்தது பத்துத் தடவையாவது குலுக்குங்கள். பிரெட்னிசலோன் பாஸ்பேட் என்று எழுதியிருப்பது வேறு சரக்கு. அது கரைசல், குலுக்க வேண்டாம், ஆனால் கண்ணுக்குள் அதன் வீரியம் குறைவு. ‘அது இல்லை, இதுவும் ஸ்டீராய்டுதான்’ என்று மெடிக்கலில் பாஸ்பேட்டையோ, புளோரோமெத்தலோனையோ, ஆன்டிபயாடிக் கலந்ததையோ கையில் கொடுத்தால் வாங்காமல் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். டைஃபுளுபிரெட்னேட் 0.05% என்பது இதைவிட வீரியமானது, குலுக்கத் தேவையில்லை, விடும் தடவையும் குறைவு. ஆனால் கண் அழுத்தத்தை ஏற்றும் சுபாவம் அதற்குக் கூடுதல்.

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 5 மி.லி. புட்டியில் சுமார் 100 சொட்டு இருக்கும். மணிக்கு ஒன்று என்றால் ஒரு கண்ணுக்கு நாளைக்குப் பதினாறு. ஆறு நாளில் புட்டி காலி, இரண்டு கண் என்றால் மூன்றே நாள். விடுமுறை நாளில் மருந்து தீர்ந்து இரண்டு நாள் இடைவெளி விழுவதைவிட, முன்கூட்டியே இரண்டு புட்டி வாங்கி வைப்பது மேல். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மூடியில் தேதி எழுதிவிடுங்கள்.

விடும் முறை:

1. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். புட்டியைக் குலுக்குங்கள்.
2. தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பள்ளமாக்கி, அதில் ஒரே ஒரு சொட்டு. கண்ணுக்குள் அதற்கு மேல் இடமில்லை, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். புட்டி முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது.
3. கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்துங்கள். தொண்டையில் கசப்பு தட்டினால் மருந்து மூக்கு வழியே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தியது போதவில்லை.
4. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி. களிம்பு இருந்தால் அது எப்போதும் கடைசி.

கூடவே பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு ஒன்று இருக்கும்: சைக்ளோபென்டோலேட், ஹோமாட்ரோபின் அல்லது அட்ரோபின். ‘இதைப் போட்டால் கிட்டத்தில் படிக்க முடியவில்லை’ என்று பலர் நிறுத்திவிடுவது இதைத்தான். அதன் வேலை இரண்டு. பிடித்து இழுக்கிற சிலியரி தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். அதைவிட முக்கியம், வீங்கிய ஐரிஸ் பின்னாலுள்ள லென்ஸில் ஒட்டிக்கொள்ளாமல் அசைத்துக்கொண்டே இருக்கும். ஒட்டினால் பாப்பா வட்டம் போய் இலை இலையாகத் தெரியும். சுற்றிலும் முழுதாக ஒட்டிவிட்டால் கண்ணின் நீரோட்டம் அடைபட்டு அழுத்தம் எகிறும். ஒட்டிய சில நாளில் விடுவிக்கலாம், நாளானால் இறுகிவிடும். சைக்ளோபென்டோலேட் மங்கல் ஒரு நாளில் போகும், ஹோமாட்ரோபினுக்கு 1 முதல் 3 நாள், அட்ரோபினுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வண்டி ஓட்டுவதை அதுவரை தள்ளிப் போடுங்கள். குழந்தைக்கு அட்ரோபின் விட்ட பிறகு முகம் சிவந்து, உடம்பு சுட்டு, நெஞ்சு படபடவென அடித்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

குறைப்பது படிப்படியாகத்தான். அணுக்கள் இறங்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு நாளைக்கு 6, 5, 4, 3, 2, 1 என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் நிற்பது பரவலான முறை. உங்கள் அட்டவணையை டாக்டர் மாற்றி எழுதலாம், எழுதியதைக் காலண்டரில் தேதி வாரியாகக் குறித்துவிடுங்கள். ‘எத்தனையாவது வாரம்’ என்று நினைவில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. ஒவ்வொரு முறையும் 2 சொட்டுக்கு இறங்கும்போது கண் மீண்டும் கிளம்புகிறது என்றால், அதையே சொல்லுங்கள். நாள்பட்ட வகை என்று காட்டிக்கொடுப்பது அந்த இடம்தான்.

ஸ்டீராய்டின் மறுபக்கம்

ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், பெரும்பாலும் தொடங்கிய 2 முதல் 6 வாரத்துக்குள். வலிக்காது, தெரியாது, அளந்தால்தான் உண்டு. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. நீண்ட நாள் விட்டால் கண்புரையும் வரும். அடக்காமல் விட்ட அழற்சியும் இதே இரண்டையும் கொண்டுவரும் என்பதால், பயந்து மருந்தை நிறுத்துவது தப்பிக்கும் வழி இல்லை. நாளைக்கு 3 சொட்டுக்குக் கீழே அமைதியாக வைக்க முடிகிறதா என்பது நல்ல அளவுகோல். மாதக்கணக்கில் அதற்கு மேல் தேவைப்பட்டால், சொட்டைக் கூட்டுவதை விட்டு அடுத்த கட்ட மருந்துக்கு மாறுவதே சரி. இந்த முடிவை வருடக்கணக்கில் தள்ளிப் போட்டுப் பார்வை இழப்பதுதான் நாள்பட்ட யுவைடிஸில் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம்.

டாக்டர் பார்க்காமல், தானே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவது வேறு வகை ஆபத்து. கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை வேகமாகப் பரப்பும்.

மாத்திரையும் ஊசியும்

பின்பக்க அழற்சிக்குச் சொட்டு எட்டாது. பிரெட்னிசலோன் மாத்திரை உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வரை தொடங்கி, வாரந்தோறும் குறைத்து, மூன்று மாத அளவில் நாளைக்கு 7.5 மி.கி.க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. காலை உணவுக்குப் பிறகு எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். சில வாரங்களுக்கு மேல் எடுத்த மாத்திரையைச் சட்டென நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும்.

அந்தக் குறைப்பைத் தாங்கப் பிடிக்கிற மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட் முக்கியமானது. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் விழுங்கிவிட்டால் எலும்பு மஜ்ஜை அடங்கி உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று முடிவு செய்து, அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் சேர்த்துத் தருவார்கள். ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் டெஸ்டும் முறையாகப் பார்க்க வேண்டும், மது கூடாது, கருத்தரிக்கத் திட்டம் இருந்தால் பல மாதம் முன்பே சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். வேறு நோய்க்கு யாராவது கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைச் சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது. பலன் தெரிய 2, 3 மாதம் பிடிக்கும். முதல் மாதத்திலேயே ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிடுவது அவசரம்.

அதிலும் அடங்காவிட்டால், உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அடலிமுமாப் ஊசி. பெரியவர்களுக்கு முதலில் 80 மி.கி., ஒரு வாரம் கழித்து 40 மி.கி., பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. தொடங்கும் முன் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். உறங்கிக்கிடக்கும் காசநோயை இது எழுப்பிவிடும். கை கால் மரத்துப்போவதுபோன்ற நரம்புத் தொந்தரவு எப்போதாவது இருந்திருந்தால் மறைக்காதீர்கள். ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளை இந்த மருந்துக் காலத்தில் போடக் கூடாது.

வீட்டில் நடக்க வேண்டியது

வாரத்துக்கு ஒருமுறை, ஒரு கண்ணை மூடி மற்றதால் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே எழுத்தைப் படித்துப் பாருங்கள். கட்டம் போட்ட தாளைப் படிக்கும் கண்ணாடியோடு 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, நடுப்புள்ளியைப் பார்த்தபடி கோடு வளைகிறதா என்று கவனியுங்கள். வளைந்தால் விழித்திரையின் நடுவே நீர் கோத்திருக்கலாம். யுவைடிஸில் பார்வை குறைவதற்கு அடிக்கடி நேரும் காரணம் அதுவே. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் குறையை மூடிவிடும். புகைபிடிப்பவர் நிறுத்துவது நல்லது, அழற்சியும் நீர்க்கோத்தலும் அவர்களுக்கு மோசமாகப் போகின்றன. கண் அமைதியாகும்வரை கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

விட்டு விட்டு வருகிறவருக்கு, கூச்சமும் லேசான கனமும்தான் முதல் எச்சரிக்கை மணி. சிவப்புக்குக் காத்திருக்காமல் 24 மணி நேரத்துக்குள் ஸ்லிட் லாம்பில் காட்டிவிடுங்கள். வீட்டில் புட்டி வைத்துத் தொடங்கலாமா என்பதை அமைதியான காலத்திலேயே டாக்டரிடம் பேசி எழுதி வாங்குங்கள். ஹெர்பிஸ் வந்திருந்தவருக்கு அந்த அனுமதி கிடைக்காது. பார்வை திடீரெனக் குறைந்தாலோ, மின்னல் வெட்டி, திரை இறங்குவதுபோல் இருந்தாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ, கண் ஆபரேஷனுக்குப் பின் சில நாளில் வலி கூடினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

கண்புரை ஆபரேஷன் தேவைப்பட்டால் அவசரப்படாதீர்கள். முன்னதாகக் குறைந்தது 3 மாதம் அணுத் தரம் 0 ஆக இருந்திருக்க வேண்டும், ஆபரேஷனை ஒட்டி ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கான திட்டமும் கையில் இருக்க வேண்டும். கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணில் கத்தி வைத்தால் புது லென்ஸின் மேலேயே அழற்சி படியும்.